குறிப்பாணைக்கு ஒரு பதில்

அய்யா,
அண்ணா நகர் இரண்டாவது அவென்யூ,
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
ஒரு விடைத்தாளுக்கு இருபத்திரண்டு ரூபாய்.
சிவப்புப் பேனா நிறுவனத்துடையது,
கண்ணாடி என்னுடையது.

கேள்வி ஆங்கிலத்தில் வரும்,
தமிழில் பதில் எழுதுகிறவர்களின் கட்டு
எனக்கு வரும்.
கேள்விகளில் பாதிக்கு ஒரே வால்: எலூசிடேட்.
ஒற்றைச் சொல், முற்றுப்புள்ளி, பத்து மதிப்பெண்.
பரீட்சை எழுதிய மூன்று வருடமும்
அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் முங்கினேன்.

லத்தீனில் அதற்குள் ஒளி இருக்கிறதாம்.
உள்ளே கிடக்கும் பளிச்சென்ற ஒன்றை
வெளியே கொண்டுவருவது.
பக்கத்து வீட்டுச் சொல் எக்ஸ்பிளெயின்,
அது மேடு பள்ளத்தை நிரவுவது,
மாநகராட்சி ரோலர் மாதிரி.
நிரவிய மறுநாளே
மெட்ரோ வாட்டர்காரர்கள் தோண்டுவார்கள்.

நமக்கு ஒன்றே போதும்.
கரண்ட் போனால் தேடுவதும் விளக்கு.
அடிப்பிடித்த குக்கரோடு மல்லுக்கட்டுவதும்,
காலையில் பல்லுக்குச் செய்வதும்,
கேள்வித்தாளுக்குச் செய்வதும் அதுவே.
ங் போய் க் வந்தால்
தன்வினை பிறவினை ஆகும்:
அடங்கு, அடக்கு. இறங்கு, இறக்கு.
விளங்கு, விளக்கு.
அப்பா என்னைக் கூப்பிடும் பெயர் வெளங்காதவன்.
வெளங்காதவன் உட்கார்ந்து
ஊரார் விளக்கத்துக்கு மார்க் போடுகிறான்,
திருந்தாதவன் திருத்துகிறான்.
இலக்கணத்தில் இதற்கு இடமுண்டா, தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.
பதிவெண் நானூற்றுப் பதினேழு.
கேள்வி: பெருநகரங்கள்
தங்கள் நீர்வழிகளை மறந்துவிட்டன. எலூசிடேட்.

மற்றவர்கள் எழுதுவது எனக்கு மனப்பாடம்.
நகரமயமாதல் ஒரு புள்ளி,
ஆக்கிரமிப்பு ஒரு புள்ளி,
அம்புக்குறிகளோடு ஒரு கட்டம்,
கடைசியில் எல்லோரும் சேர்ந்து
நம்பிக்கையோடு முன்னேறுவார்கள்.

நானூற்றுப் பதினேழு எழுதியது இவ்வளவே:

"எங்கள் வீட்டுப் பின்சுவர்தான் ஓட்டேரி நல்லாவின் கரை.
அந்த டிசம்பரில் மீட்டர் பெட்டி வரை ஏறியது.
நாங்கள் மறந்திருக்கலாம், அது மறக்கவில்லை.
வடிந்த பிறகு ஒன்பது நாள் சேறு விளக்கினோம்.
சுவரை, அரிசி டின்னை, தையல் மெஷினை.
அண்ணனின் பிளஸ் டூ சான்றிதழை மட்டும்
துணியால் ஒற்றினோம்.
பத்தாம் நாள்
சுவரில் ஒரு கோடு மிச்சம்.
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
கேள்விக்குப் பதில் அந்தக் கோடு."

பத்துக்குப் பத்து போட்டேன்.
ஐந்தரையைத் தாண்டக் கூடாதென்பது
இங்கே எழுதாத சட்டம், தெரியும்.
மேசையில் குறிப்பாணை இருந்தது:
மேற்படி மதிப்பெண் வழங்கியமைக்கு
எழுத்துமூலமான விளக்கம், மூன்று நாட்களுக்குள்.
கொடுத்த கையோடு எனக்கு டீயும் சொன்னீர்கள்.
நன்றி.

முதல் வரைவில் வெளிச்சம் போட்டேன்,
முகத்துக்கு நேரே டார்ச் அடித்த மாதிரி இருந்தது.
இரண்டாம் வரைவை நிரவினேன்.
எங்கும் தடுக்காமல் போனது,
எங்கும் போகவுமில்லை.

மூன்றாம் நாள், நேற்று, கீழே இறங்கி நடந்தேன்.
இரண்டு தெரு தள்ளி அதே நல்லா.
நான்கு வருடமாக நாற்றம் என்று
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
நான் திருத்திக்கொண்டிருந்த பக்கம்.
அங்கே ஒரு காம்பவுண்டுச் சுவர்,
புதிதாக மஞ்சள் பெயிண்ட்,
இரண்டு கோட் இருக்கும்.
என் தோள் உயரத்தில், பெயிண்டுக்கு அடியில்,
கோடு தெரிந்தது.
கை வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தேன்.

கோரப்பட்ட விளக்கம் இவ்வளவுதான்.
மதிப்பெண்ணை ஐந்தரையாக்குவதானால்
உங்கள் கையால் ஆக்கிக்கொள்ளுங்கள்.
இருபத்திரண்டு ரூபாயைப் பிடித்துக்கொள்ளலாம்.
சிவப்புப் பேனா இழுப்பறையில் இருக்கிறது,
மூடியைக் காணவில்லை.

இப்படிக்கு,
ந. ஏகாந்தலிங்கம்